தீவின் சாவி யாரிடம்? தன்னாட்சித் தீவுகளின் நிலையைப் படித்தறியும் முறை

புளியந்தீவும் தீவுதான். சுற்றிவர மட்டக்களப்பு வாவி. அதற்கும் அயலூர்களுக்குமாக ஒரு மாநகர சபை இருக்கிறது. சோலை வரி அறவிடுகிறது, உபவிதி இயற்றுகிறது. ஆனாலும் புளியந்தீவைத் தன்னாட்சித் தீவு என்று எவரும் சொல்வதில்லை. பின்லாந்துக்கு உட்பட்ட ஓலந்துத் தீவுகளில் வாழ்வோர் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் மட்டுமே. ஆனால் அதிகாரப் பகிர்வு என்ற பேச்சு எழும் இடமெல்லாம் அந்தப் பெயர் வருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பரப்பளவிலும் இல்லை, மக்கள்தொகையிலும் இல்லை. கொடுத்த அதிகாரத்தைக் கொடுத்தவர் தனியாகத் திருப்பி எடுக்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மூன்று வகையானவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவும்: உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்போரும் படிப்பிப்போரும், அதிகாரப் பகிர்வுக் கூட்டங்களில் "அந்தத் தீவு மாதிரி எங்களுக்கும்" என்று பேசுமுன் அந்தத் தீவைச் சரியாக அறிய விரும்புவோர், இப்படியான தீவொன்றில் வேலையோ உறவோ இருப்பதால் அங்கே எந்தச் சட்டம் செல்லும் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள்.

தொடங்குமுன்

ஒரு தீவுக்கு ஒரு ஏ4 தாள். அதில் ஆறு வரிகளுக்கு இடம் விடுங்கள்: ஆவணம், மாற்றும் அதிகாரம், சபை இல்லாத காலம், நிரலும் பணமும், கடவுச்சீட்டு, வெளியேறும் வழி. நான்கைந்து பேர் வாசிகசாலையில் சேர்ந்து செய்தால் முதல் தீவுக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போகும்; அடுத்தது அதில் பாதி நேரத்தில் முடியும். ஒருவர் மூலச் சட்டத்தை வாசிக்க, இன்னொருவர் அதற்குப் பின் வந்த திருத்தங்களைத் தேட, மூன்றாமவர் எழுதட்டும். எல்லாரும் ஒரே கலைக்களஞ்சியப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரே பிழையை நான்கு முறை எழுதுவீர்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டையும் கவனியுங்கள். ஓலந்தை ஆலந்து, ஆலண்ட் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே இடம்.

முதல் வரி: எந்த ஆவணம்?

'சுயாட்சி உண்டு' என்று எழுதிவிட்டு நகர வேண்டாம். ஆவணத்தின் பெயரும் ஆண்டும் வேண்டும். ஓலந்துக்கு 1991ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம். அது 1993இல் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் 1920இலும் 1951இலும் இரண்டு சட்டங்கள் இருந்தன. டென்மார்க்குக்கு உட்பட்ட பரோயே தீவுகளுக்கு 1948ஆம் ஆண்டின் சட்டமும் 2005இல் வந்த பொறுப்பேற்புச் சட்டமும். கிரீன்லாந்துக்கு 1979இல் முதல் சுயாட்சி, 2009இல் அதைவிட விரிவான சட்டம். அருபா, குராசோ, சின்ட் மார்ட்டின் மூன்றுக்கும் நெதர்லாந்து இராச்சியத்தின் 1954ஆம் ஆண்டுச் சாசனம். அமெரிக்காவுக்கு உட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோவுக்கு 1952ஆம் ஆண்டின் அரசியலமைப்பு.

சில தீவுகளுக்கு இப்படி ஒரே ஆவணம் கிடைக்காது. ஜேர்சியும் குவேர்ன்சியும் 1204இல் ஆங்கில மன்னர் நோர்மண்டியை இழந்தபோது முடியோடு நின்ற தீவுகள். மான் தீவின் ஆட்சியுரிமையைப் பிரித்தானிய முடி 1765இல் விலைக்கு வாங்கியது. இவை மூன்றும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியல்ல. முடிக்குரிய சார்புப் பகுதிகள். பாதுகாப்பும் வெளியுறவும் லண்டனின் பொறுப்பு, வரியும் உள்நாட்டுச் சட்டமும் தீவின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி நூற்றாண்டுகளின் வழக்கத்தால் உருவானது. ஆவணம் இல்லையென்று அதிகாரமும் இல்லையென முடிவு கட்ட வேண்டாம். அந்த வரியில் 'வழக்கம்' என்று எழுதுங்கள்.

அதிகம் பேர் தவறுவது பெயரில்தான். புவேர்ட்டோ ரிக்கோவும் வட மரியானாத் தீவுகளும் தங்களைக் 'கொமன்வெல்த்' என்று அழைக்கின்றன. இலங்கை உறுப்பினராக இருக்கும் பொதுநலவாயத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. 'சுதந்திர இணைவு' (தன்னைத் தானே ஆண்டபடி இன்னொரு நாட்டோடு சேர்ந்திருத்தல்) என்ற சொல் இன்னும் குழப்பும். குக் தீவுகள் 1965இலிருந்தும் நியுவே 1974இலிருந்தும் நியூசிலாந்தோடு இந்த இணைவில் இருக்கின்றன, இரண்டும் ஐ.நா. உறுப்பினர் அல்ல. அமெரிக்காவோடு அதே பெயரிலான உடன்பாடு செய்த மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா, பலாவு மூன்றும் ஐ.நா.வில் ஆசனம் உள்ள முழுச் சுதந்திர நாடுகள். ஆகவே தாளில் பட்டப்பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். மற்ற ஐந்து வரிகளும் நிரம்பிய பின் அது பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

இரண்டாம் வரி: யார் தனியாக மாற்றலாம்?

தாளின் உயிர் இந்த வரிதான். இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். மூலச் சட்டத்தின் கடைசிப் பகுதியில் திருத்த முறை பற்றிய பிரிவு இருக்கும். பலர் முதல் பத்துப் பிரிவுகளோடு வாசிப்பை நிறுத்திவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை. பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.

ஓலந்தின் சட்டத்தை மாற்ற இரண்டு சாவி வேண்டும். பின்லாந்துப் பாராளுமன்றம் தன் அரசியலமைப்பைத் திருத்தும் அதே கடுமையான முறையில் அதை நிறைவேற்ற வேண்டும். முப்பது உறுப்பினர் கொண்ட ஓலந்துச் சபையும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்க வேண்டும். ஒன்று மறுத்தால் பழைய சட்டமே தொடரும். இந்தப் பூட்டு ஹெல்சிங்கியின் தயவால் மட்டும் வந்ததல்ல. ஓலந்து மக்கள் சுவீடனோடு சேரக் கேட்டார்கள். இரண்டு நாடுகளும் முட்டிக்கொண்டன. 1921இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தீவைப் பின்லாந்துக்கே கொடுத்து, மொழிக்கும் நிலத்துக்கும் உத்தரவாதம் கேட்டது. வெளியிலிருந்து வந்த அந்த அழுத்தத்தை விட்டுவிட்டு ஓலந்தைப் பேசினால் பாதிக் கதைதான் பேசியதாகும்.

இதன் மறுமுனை நோர்ஃபோக் தீவு. அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 1979இல் இயற்றிய சாதாரணச் சட்டத்தால் அதற்குச் சட்டசபை கிடைத்தது. குடிவரவும் சுங்கமும்கூட அந்தச் சபையின் கையில் இருந்தன. பட்டியலைப் பார்த்தால் ஓலந்தைவிட அதிகாரம் கூடியதாகத் தெரியும். ஆனால் பூட்டு இல்லை. 2015இல் அதே பாராளுமன்றம் இன்னொரு சாதாரணச் சட்டத்தால் சபையைக் கலைத்தது. 2016 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்தது ஓர் உள்ளூராட்சி மன்றம். தீவு மக்களிடம் நடந்த வாக்கெடுப்பு இதைத் தடுக்கவில்லை. அதிகாரம் எவ்வளவு என்று மட்டும் அளந்தவர் 2014இல் நோர்ஃபோக்கை மிக உயரத்தில் வைத்திருப்பார்.

புவேர்ட்டோ ரிக்கோவில் இந்த உண்மை நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்தது. 1952 அரசியலமைப்பை மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். அடுத்த ஆண்டே ஐ.நா. அதைத் தன்னாட்சியற்ற பகுதிகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றவியல் வழக்கு தொடரும் அதிகாரத்தின் மூல ஊற்று அமெரிக்கக் காங்கிரசே என்றது. அதே ஆண்டில் காங்கிரஸ் ஒரு நிதி மேற்பார்வைச் சபையை நியமிக்கச் சட்டம் இயற்றியது. தீவு மக்கள் தெரிவு செய்யாத அந்தச் சபையால் தீவின் வரவுசெலவுத் திட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியும்.

சில இடங்களில் இருதரப்பும் ஒரே தாளை இருவிதமாக வாசிக்கும். பரோயேயின் 1948 சட்டம் டென்மார்க் பாராளுமன்றத்தின் சட்டம் என்பது கோபன்ஹேகனின் பார்வை. அது இரு தரப்பு உடன்பாடு என்பது பரோயேயில் பலருடைய பார்வை. 2005 சட்டத்தின் முகவுரை, சமமான இரு தரப்புகளாக இரண்டு அரசாங்கங்களும் செய்த உடன்பாடு என்று பேசுகிறது. இப்படியான இடத்தில் இரண்டு வாசிப்பையும் எழுதுங்கள். ஒன்றைத் தெரிவு செய்து எழுதினால் பிழையாகிவிடும்.

இதே வரியில் இன்னொன்றையும் சேருங்கள்: தீவின் சபை இயற்றும் சட்டத்தை மேலிருப்பவர் எந்தக் காரணத்துக்காகத் தள்ளலாம்? பின்லாந்து சனாதிபதி ஓலந்தின் சட்டத்தை இரண்டு காரணங்களுக்காக மட்டுமே தள்ளலாம்: சபை தன் அதிகார எல்லையை மீறியிருக்க வேண்டும், அல்லது நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் நான்கு மாத எல்லை உண்டு. 'பிடிக்கவில்லை' என்பது காரணமாகாது.

மூன்றாம் வரி: சபை இல்லாத காலத்தில் யார் ஆள்கிறார்?

ஆசிரியர்கள் கூட இந்தக் கேள்வியைத் தவறவிடுகிறார்கள். கிழக்கில் இருப்பவர்கள் தவறவிடக் கூடாது. ஒரு சுயாட்சியை யாரும் நீக்காமலே வெறுமையாக்க முடியும்.

டர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளில் ஊழல் பற்றிய விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின், 2009 ஆகஸ்டில் பிரித்தானியா அரசியலமைப்பின் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. 2012 நவம்பர் தேர்தல் வரை ஆளுநர் நேரடியாக ஆண்டார். ஊழல் உண்மையான பிரச்சினைதான். ஆனால் தாளில் எழுத வேண்டியது வேறு: இடைநிறுத்த அதிகாரம் லண்டனிடம் இருந்தது, தீவின் சம்மதம் தேவைப்படவில்லை.

கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பரில் பதவிக்காலம் முடிந்தது. மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் ஓர் எழுத்தும் நீக்கப்படவில்லை. தேர்தல் முறையை மாற்றிய சட்டமும் எல்லை நிர்ணயமும் முடியாமல் இழுபட, ஆளுநரே நிர்வாகத்தை நடத்தும் ஆண்டுகள் தொடர்ந்தன. ஆகவே எந்தத் தீவை எடுத்தாலும் கேளுங்கள்: தேர்தல் தேதியை யார் குறிக்கிறார்? தேர்தல் சட்டம் யாருடையது? சபை கலைந்தால் எத்தனை நாளுக்குள் புதிய சபை வர வேண்டும்? விடை சட்டத்தில் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். அந்த 'இல்லை' மிகப் பெரிய தகவல்.

நான்காம் வரி: நிரலும் பணமும்

அதிகார நிரலை முழுதாக நகலெடுக்கத் தேவையில்லை. நிலம், பொலிஸ், மொழி, கல்வி, வரி, மீன்பிடி ஆகிய ஆறையும் பாருங்கள். பிறகு, எந்த நிரலிலும் இல்லாத விடயம் யாரைச் சேரும் என்று பாருங்கள். 13ஆம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள் உள்ளன. அவற்றுள் இருதரப்புக்கும் பொதுவான நிரலில் மத்தி எப்போது நுழையலாம் என்பதே சிக்கலின் வேர். நிரலின் நீளத்தைவிட, இரண்டு நிரல்களும் மோதும்போது எது வெல்லும் என்ற விதி முக்கியம்.

பணத்தில் கேட்க வேண்டியது தொகையை அல்ல, சூத்திரத்தை. கிரீன்லாந்தின் 2009 சட்டத்திலேயே டென்மார்க் ஆண்டுதோறும் கொடுக்கும் தொகை எழுதப்பட்டிருக்கிறது: 2009 விலைமட்டத்தில் 343 கோடியே 96 இலட்சம் குரோனர், விலையேற்றத்துக்கு ஏற்ப உயரும். கனிம வருமானம் வந்தால் அதில் ஒரு பகுதி இந்தத் தொகையிலிருந்து கழியும். தொகை சட்டத்தில் இருப்பதால் ஒவ்வொரு ஆண்டும் கையேந்திப் போக வேண்டியதில்லை. வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தில் 'இந்த முறை எவ்வளவு' என்று பேரம் பேசும் இடத்தில் அதிகாரம் தாளில் மட்டுமே இருக்கும்.

ஐந்தாம் வரி: கடவுச்சீட்டும் விசாவும்

வெளிநாடு போகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். இங்கே விடும் பிழை பணத்தையும் காலத்தையும் தின்னும்.

ஒரு நாட்டுக்குள் நுழைய அனுமதிக்கும் விசா, அந்த நாட்டின் தீவுக்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாக டென்மார்க் கொடுக்கும் ஷெங்கன் விசா கிரீன்லாந்துக்கோ பரோயேக்கோ தானாகச் செல்லாது. அந்தத் தீவுக்குச் செல்லுபடியாகும் என்று விசாவில் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ரியூனியன் தீவு 1946இலிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோவும் பிரெஞ்சுச் சட்டமும்தான் அங்கே, தமிழ் வம்சாவளியினரும் கோயில்களும் நிறைய. ஆனால் அது ஷெங்கன் வலயத்துக்கு வெளியே இருக்கிறது. அதைத் தன்னாட்சித் தீவு என்று எழுதுவதும் பிழை, அது பிரான்சேதான். ஜேர்சியிலோ மான் தீவிலோ வேலை கிடைத்ததாக முகவர் சொன்னால், வேலைக்கான அனுமதியை எந்தத் தீவின் நிர்வாகம் கொடுத்தது என்று கடிதத்தைக் காட்டக் கேளுங்கள். 'லண்டன் விசாவே போதும்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். ஜேர்சியில் வீடு வாங்கவும் விரும்பிய வேலை பார்க்கவும் முழு உரிமை பெற, பொதுவாகப் பத்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும்.

தியேகோ கார்சியாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது தன்னாட்சித் தீவே அல்ல. 1965இல் மொரிசியஸிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, சொந்த மக்கள் வெளியேற்றப்பட்ட, இராணுவத் தளம் உள்ள தீவு. 2021 ஒக்டோபரில் இலங்கைத் தமிழர்களை ஏற்றிய படகு அங்கே கரை சேர்ந்தபோது, அகதிகள் சமவாயம் அந்த ஆள்புலத்துக்கு விரிவுபடுத்தப்படவில்லை என்றே பிரித்தானியா வாதிட்டது. கொடி பிரித்தானியாவுடையது, சட்டம் லண்டனில் இருப்பதுபோல் இல்லை. மூன்றாண்டுகளின் பின், 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் தடுத்துவைக்கப்பட்டது சட்டவிரோதம் என்று அந்த ஆள்புலத்தின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தீவின் நிலை என்பது பரீட்சைக் கேள்வி மட்டுமல்ல என்பதற்கு இதைவிடக் கனமான சாட்சி வேண்டாம்.

குடியுரிமையையும் தனியாகக் குறியுங்கள். குக் தீவினர் நியூசிலாந்துக் குடிமக்கள். அங்கே போய் வாழத் தடையில்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர் 1917இலிருந்து அமெரிக்கக் குடிமகன், ஆனால் தீவில் வசிக்கும்வரை சனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை. அமெரிக்க சமோவாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் அந்தக் குடியுரிமையும் இல்லை.

ஆறாம் வரி: வெளியேறும் வழி

சர்வசன வாக்கெடுப்பு என்று கண்டால் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை சதவீதம் வேண்டும், யாருக்கு வாக்கு, முடிவு யாரைக் கட்டும்.

டொக்கெலாவில் ஏறத்தாழ 1,500 பேர். நியூசிலாந்தோடு சுதந்திர இணைவுக்குப் போவதா என்று 2006இலும் 2007இலும் கேட்டபோது முறையே 60, 64 சதவீதம் ஆம் என்றது. தேவை மூன்றில் இரண்டு. இரண்டு முறையும் தோற்றது. நெவிசுக்குச் சென்ற் கிற்சிலிருந்து பிரியும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு. 1998இல் 62 சதவீதம் அளவில் ஆம் என்றும் அதே எல்லையில் விழுந்தது. பூகன்வில்லில் 2019இல் கிட்டத்தட்ட 98 சதவீதம் சுதந்திரம் என்றது. ஆனால் 2001 சமாதான உடன்படிக்கையின்படி அந்த முடிவு தானாகக் கட்டாது. பப்புவா நியூகினிப் பாராளுமன்றத்தின் தீர்மானம் வேண்டும். கிரீன்லாந்துக்கு 2009 சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி திறந்திருக்கிறது. அந்த வழியிலும் டென்மார்க் பாராளுமன்றத்தின் சம்மதம் உண்டு.

பிரான்சுக்கு உட்பட்ட நியூ கலிடோனியா, வாக்காளர் இடாப்பின் பாடம். 2018இலும் 2020இலும் சுதந்திரத்துக்கு எதிரான வாக்கு சுமார் 57, 53 சதவீதம். 2021இல் அது 96 சதவீதத்தைத் தாண்டியது. மனம் மாறியதால் அல்ல. சுதந்திரம் கோரும் தரப்பு புறக்கணித்ததால் பாதிப் பேருக்கும் குறைவாகவே வாக்களித்தார்கள். பின்னர் மாகாணத் தேர்தல்களின் இடாப்பில் பிந்தி வந்தவர்களைச் சேர்க்கப் பாரிஸ் முயன்றபோது, 2024 மேயில் தீவு பற்றி எரிந்தது. சதவீதத்தைத் தனியாக எழுதாதீர்கள். பக்கத்தில் வாக்களித்தோர் அளவும் இடாப்பின் விதியும் வேண்டும்.

ஐ.நா.வின் பட்டியலை இதற்குக் கீழே ஒரு குறிப்பாக மட்டும் வையுங்கள். தன்னாட்சியற்ற பகுதிகள் என்று அங்கே 17 இடங்கள் உள்ளன. மேற்கு சகாராவும் ஜிப்ரால்டரும் தவிர மற்றவை தீவுகள். மிக விரிந்த சுயாட்சி உள்ள பெர்முடா பட்டியலில் இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோ இல்லை. பட்டியலை அளவுகோலாக எடுத்தால் தாள் குழம்பிவிடும்.

கிழக்கோடு வைத்துப் பார்க்கும்போது

ஒப்பீடு செய்ய வேண்டுமென்றால் மாகாண சபைக்கும் ஒரு தாள் நிரப்புங்கள். ஆவணம்: 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும். மாற்றும் அதிகாரம்: 154ஜி உறுப்புரையின்படி திருத்தச் சட்டமூலம் எல்லா மாகாண சபைகளின் கருத்துக்கும் அனுப்பப்பட வேண்டும், ஒரு சபையாவது மறுத்தால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும். அதாவது சபைக்குக் குரல் உண்டு, சாவி இல்லை. மற்ற வரிகளையும் இதே நேர்மையோடு நிரப்புங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஓலந்தின் நில விதியை அப்படியே அம்பாறைக்குத் தூக்கி வர முடியாது. அங்கே வதிவிட உரிமை பெறாதவர் நிலம் வைத்திருப்பதற்கும் தீவின் சபைக்கு வாக்களிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு; அதைப் பெறப் பொதுவாகப் பின்லாந்துக் குடியுரிமையும் ஐந்தாண்டு வசிப்பும் சுவீடிய மொழியறிவும் வேண்டும். அங்கே ஆட்சிமொழி ஒன்றே, பெரும்பான்மைச் சமூகமும் ஒன்றே. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை நகரம் என்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இடத்தில் அதே விதி யாரை வெளியே நிறுத்தும் என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். பல தரப்புகள் ஒரே தீவில் அதிகாரத்தைப் பங்கிட்ட உதாரணம் வேண்டுமென்றால் தான்சானியாவுக்கு உட்பட்ட சான்சிபாரை எடுங்கள். 2010இல் வாக்கெடுப்பு நடத்தி, தோற்ற பெரிய கட்சிக்கும் அரசாங்கத்தில் இடம் தரும்படி தன் அரசியலமைப்பை மாற்றிய தீவு அது. அந்த ஏற்பாடு பின்னர் 2015 தேர்தலில் எப்படி முறிந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

தாள் முடிந்ததும் மேல் மூலையில் தேதி போடுங்கள். தியேகோ கார்சியாவை உள்ளடக்கிய சாகோஸ் தீவுகளை மொரிசியஸிடம் ஒப்படைக்க 2025 மேயில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நியூ கலிடோனியா பற்றிய பேச்சுகள் தொடர்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டாம், மூன்றாம் வரிகளை மட்டும் மீண்டும் சரிபார்த்தால் போதும்; மற்றவை இலேசில் மாறுவதில்லை.